14 ஃபைல் திறக்கவில்லை: வேர்ட், பேஜ்மேக்கர், வீடியோ, கன்னட நுடி எல்லாம் கலந்து. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அல்சூர்_டிடிபி · திங்கள் காலை 10.12

வணக்கம். விழா மலர் ஒன்றுக்கான ஃபைல்களை 1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 32 ஜிபி பென் டிரைவுக்கு மாற்றும்போது கரண்ட் இரண்டு தடவை போனது. யுபிஎஸ் தாங்கவில்லை. விண்டோஸ் 10. இப்போது பென் டிரைவில் திறக்காதவை:

.டாக்எக்ஸ் 5. இரண்டில் "அன்ரீடபிள் கன்டென்ட்" என்கிறது, மற்ற மூன்றும் "ஃபைல் கரப்ட்".
.பிஎம்டி 4 (பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது, 2004 மலர்).
.எம்பி4 2, மேடை நிகழ்ச்சி.
பழைய .டாக் 1, கன்னடத்தில் மண்டப அனுமதிக் கடிதம். திறக்கிறது, ஆனால் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் கஞ்சி.
.சிஎஸ்வி 1, நன்கொடையாளர் பட்டியல். எக்செலில் தமிழ் முழுக்கக் குப்பை.
.பிடிஎஃப் 1, பாஸ்வேர்டு கேட்கிறது.

வேர்டை ரீ-இன்ஸ்டால் செய்து பார்க்கவா?

---

எஸ்பிரோடு_சர்வீஸ் · திங்கள் காலை 10.31

வேண்டாம். வேர்டில் கோளாறு என்றால் மற்ற .டாக்எக்ஸும் திறக்காது. புதிதாக ஒன்று உருவாக்கி சேவ் பண்ணித் திறந்து பாருங்க. திறந்தால் வேர்ட் நல்லாத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லுங்க: காப்பி-பேஸ்ட்டா, கட்-பேஸ்ட்டா?

---

ராஜாஜிநகர்_ராம்கி · திங்கள் காலை 10.40

எதுக்கு இவ்வளவு யோசனை? கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து ரெண்டு டிரைவுக்கும் செக்டிஸ்க் ஓட்டுங்க, சரி பண்ணும் சுவிட்சோட. அஞ்சு நிமிஷ வேலை.

---

அல்சூர்_டிடிபி · திங்கள் காலை 10.44

கட்-பேஸ்ட்தான். ஹார்ட் டிஸ்க்கில் அந்த ஃபோல்டர் இப்போது காலி. செக்டிஸ்க் ஓட்டட்டுமா?

---

எஸ்பிரோடு_சர்வீஸ் · திங்கள் காலை 10.52

ஓட்டாதீங்க! ராம்கி, தப்பா நினைக்காதீங்க, அந்த யோசனை இங்கே ஆபத்து.

செக்டிஸ்க் ஃபைலைக் காப்பாற்றும் கருவி இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போகாததை வெட்டி "ஃபவுண்ட்.000" ஃபோல்டரில் "ஃபைல்0000.சிஹெச்கே" என்று பெயரில்லாமல் தூக்கிப் போடும். டிஸ்க் ஒழுங்காகிவிடும், உங்கள் ஃபைல் துண்டாகிவிடும். அது செய்வதெல்லாம் அதே டிஸ்க்கின் மேலேயே எழுதும் வேலை வேறு.

கட்-பேஸ்ட் என்பதால் இது இன்னும் முக்கியம். ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு நகர்த்தும்போது விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலாக அங்கே எழுதிவிட்டு இங்கே அழிக்கும். பென் டிரைவுக்குப் போன தகவல் மெமரியிலேயே நின்றிருக்கலாம், இந்தப் பக்கம் அதற்குள் அழித்திருக்கும். ஆனால் "அழித்தது" என்றால் பதிவேட்டில் அடித்தது மட்டும்தான். ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தின் மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை பழைய தகவல் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியாக இருந்தால் டிரிம் (அழித்த இடத்தை உடனே காலி செய்யச் சொல்லும் வசதி) துடைத்துப் போயிருக்கும், நான் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது:

1. அந்த ஹார்ட் டிஸ்க்கில் எதையும் சேவ் பண்ணாதீங்க. விண்டோஸும் அதிலேயே இருந்தால் மெஷினை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டுங்க. பிரவுசர் திறந்தாலே அது ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்.
2. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு 05, சி5, சி6 மூன்று வரியின் மதிப்பையும் இங்கே போடுங்க.
3. டிஸ்க்கில் "டக் டக்" சத்தம் வந்தால் உடனே கரண்டைப் பிடுங்குங்க. அதற்கு மேல் சாஃப்ட்வேர் வேலை கிடையாது.
4. பென் டிரைவில் இருப்பதை அப்படியே வேறு ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, அந்தப் பிரதியில் மட்டும் சோதனை செய்யுங்க.

---

அல்சூர்_டிடிபி · திங்கள் காலை 11.26

டிஸ்க் டி டிரைவ் மட்டும்தான், விண்டோஸ் வேறு எஸ்எஸ்டியில். கழற்றி வேறு மெஷினில் மாட்டிவிட்டேன். சத்தம் இல்லை. 05: 0. சி5: 10. சி6: 0.

---

எஸ்பிரோடு_சர்வீஸ் · திங்கள் காலை 11.35

அந்த மென்பொருள் மூல மதிப்பைப் பதினாறடிமான எண்ணில் காட்டும். நீங்க பார்க்கும் 10 நிஜத்தில் 16. மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றலாம். சி5 என்றால் படிக்க முடியாமல், மாற்றியும் எழுதாமல், ஊசலாடும் செக்டர்கள். புது டிஸ்க்குகளில் உள்ளே 4 கேபி செக்டர், வெளியே 512 பைட்டாகக் காட்டும், அதனால் ஒன்று கெட்டாலே கணக்கு பெரும்பாலும் 8 ஏறும். 16 என்றால் இரண்டு இடம். பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது.

அதனால் முதலில் முழு டிஸ்க்கின் இமேஜ், அதாவது டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலாக எடுத்த பிரதி. லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் பண்ணி டிடிரெஸ்க்யூ. 1 டிபிக்கு மேல் காலி இடம் உள்ள வேறு டிஸ்க் வேண்டும். மேப் ஃபைல் கொடுப்பது கட்டாயம். அது இருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் கெட்ட இடத்தைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லுங்க, இரண்டாம் சுற்றில் அந்த இடங்களுக்கு மட்டும் 3 மறுமுயற்சி. நொடிக்கு 100 எம்பி ஓடினால் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். மூலம் எது, இலக்கு எது என்று இரண்டு தடவை பாருங்க. தலைகீழாகக் கொடுத்தால் காலி டிஸ்க்கை உங்கள் டிஸ்க் மேல் ஊற்றிவிடும்.

இமேஜ் வந்ததும் டெஸ்ட்டிஸ்க்கை இமேஜ் ஃபைல் மேல் ஓட்டி, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் "அன்டிலீட்". ஃபைல் பெயரோடு வரும். அதில் கிடைக்காததற்கு மட்டும் ஃபோட்டோரெக். அது ஃபைல் வகையை வைத்துத் தேடும், பெயர் வராது, ஆயிரக்கணக்கில் கொட்டும்.

---

ஹெக்ஸ்_வாசு · திங்கள் மதியம் 12.10

இமேஜ் ஓடட்டும். அதற்குள் பென் டிரைவ் பிரதிகளைப் பார்த்துவிடலாம். "திறக்கவில்லை" என்பது காய்ச்சல் மாதிரி, நோயின் பெயர் அதில் இல்லை. ரிப்பேர் மென்பொருள் எதையும் இறக்குவதற்கு முன் மூன்றே சோதனை.

ஒன்று, அளவு. வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், பைட் கணக்கு. கேபி கணக்கு போதாது.

இரண்டு, தலை. ஃபைலின் முதல் சில பைட்டுகள். ஹெச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் வரியிலேயே தெரியும்:

.டாக்எக்ஸ், .எக்ஸ்எல்எஸ்எக்ஸ், .ஜிப்: 50 4பி 03 04 (பக்கத்தில் "பிகே" என்று இரண்டு எழுத்து தெரியும்)
பழைய .டாக், .எக்ஸ்எல்எஸ்: டி0 சிஎஃப் 11 இ0
.பிடிஎஃப்: 25 50 44 46
.ஜேபெக்: எஃப்எஃப் டி8 எஃப்எஃப்
.எம்பி4: 5-வது பைட்டிலிருந்து 66 74 79 70

மூன்று, அமுக்கிப் பார்ப்பது. ஃபைலை 7-ஜிப்பில் ஜிப் செய்யுங்க. .டாக்எக்ஸ் ஏற்கெனவே அமுக்கப்பட்ட பொட்டலம், மறுபடி அமுக்கினால் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். 2 எம்பி ஃபைல் 2 கேபியாகச் சுருங்கினால் உள்ளே முழுக்க சுழியம் என்று அர்த்தம். ஹெக்ஸ் எடிட்டர் இல்லாதவர்களுக்கும் இந்தச் சோதனை போதும்.

எக்ஸ்டென்ஷன் காட்டும் வசதியை எக்ஸ்ப்ளோரரில் ஆன் பண்ணிக்கோங்க. வாட்ஸ்அப்பில் வந்த டாக்குமென்ட் சில சமயம் எக்ஸ்டென்ஷனே இல்லாமல் வெறும் புள்ளியோடு முடியும். அதற்கெல்லாம் தலையைப் பார்த்து எக்ஸ்டென்ஷனைத் தட்டினாலே போதும்.

---

அல்சூர்_டிடிபி · திங்கள் மதியம் 1.05

ஐந்து .டாக்எக்ஸ்:

அ) 0 பைட்.
ஆ) 162 பைட். பெயரில் முதல் இரண்டு எழுத்துக்குப் பதிலாக ~$ என்று இருக்கிறது.
இ) 18,84,902 பைட். ஜிப் செய்தால் 2 கேபி.
ஈ) 11,14,112 பைட். தலை சரியாக இருக்கிறது. 7-ஜிப்பில் திறந்தால் "அன்எக்ஸ்பெக்டட் எண்ட்".
உ) 3,07,200 பைட். தலை டி0 சிஎஃப் 11 இ0.

---

ஹெக்ஸ்_வாசு · திங்கள் மதியம் 1.30

வேர்ட் காட்டியது ரெண்டே எச்சரிக்கை, நோய் அஞ்சு விதம். ஒவ்வொன்றாக.

அ: பெயர் மட்டும் பதிவானது, உள்ளடக்கம் வரவே இல்லை. இதில் எந்த ரிப்பேரும் வேலை செய்யாது. "0 பைட்டை மீட்டோம்" என்று சொல்லும் மென்பொருள் காசு பிடுங்கத்தான்.

ஆ: இது உங்கள் ஃபைலே இல்லை. வேர்டில் ஒரு டாக்குமென்ட் திறந்திருக்கும்போது "யார் திறந்திருக்கிறார்" என்று எழுதி வைக்கும் பூட்டுச் சீட்டு. 162 பைட்தான் இருக்கும். சாதாரணமாக மறைந்திருக்கும், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லியிருப்பீங்க. பெயர் நீளமாக இருந்தால் முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு ~$ போடும். அசல் முழுப் பெயரோடு தனியாக இருக்கும், தேடுங்க.

இ: கரண்ட் போனதன் அசல் அடையாளம். ஃபைலின் பெயர், நீளம் எல்லாம் பதிவேட்டில் ஏறிவிட்டது. உள்ளடக்கம் மெமரியில் காத்திருந்தபோதே மெஷின் அணைந்தது. அளவைப் பார்த்தால் முழுசாகத் தெரியும், அதனால்தான் பலரும் நாள் கணக்கில் ரிப்பேர் மென்பொருள்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். உள்ளே எதுவும் இல்லை. அ, இ இரண்டுக்கும் இமேஜில் அன்டிலீட்தான் வழி.

ஈ: 11,14,112ஐ 65,536ஆல் வகுத்துப் பாருங்க. மிச்சமில்லாமல் 17. வேர்ட் ஃபைல் இப்படி வட்டமாக முடிவது அபூர்வம், காப்பி 64 கேபி தவணையாகப் போய் 17-வது தவணையில் அறுந்திருக்கிறது. இதில் உயிர் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

உ: தலை பழைய .டாக் மாதிரி இருக்கிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். யாரோ .டாக்கை .டாக்எக்ஸ் என்று பெயர் மாற்றியிருக்கலாம். அல்லது பாஸ்வேர்டு போட்ட .டாக்எக்ஸாக இருக்கலாம், பாஸ்வேர்டு போட்டால் ஆபிஸ் அதைப் பழைய வகைப் பெட்டிக்குள்தான் வைக்கும். 7-ஜிப்பில் வலது கிளிக் செய்து திறங்க. "வேர்ட்டாக்குமென்ட்" என்று தெரிந்தால் பெயரை .டாக் ஆக்குங்க, முடிந்தது. "என்கிரிப்டட்பேக்கேஜ்" என்று தெரிந்தால் பாஸ்வேர்டு வேண்டும். ஆபிஸ் 2010 முதல் ஒரு பாஸ்வேர்டைச் சரிபார்க்கவே 1,00,000 முறை ஹாஷ் சுற்றுகிறது, ஊகித்து உடைக்கும் ஆசை வேண்டாம்.

ஈ-க்கு வருவோம். ஜிப்பின் பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வேர்ட் அதைத்தான் முதலில் தேடும், இல்லை என்றதும் கைவிரிக்கும். ஆனால் ஒவ்வொரு உள் ஃபைலுக்கும் முன்னால் தனியாக ஒரு தலைப்பும் உண்டு. வேர்ட் சேவ் செய்யும்போது எழுத்துகள் உள்ள "டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல்" ஆரம்பத்திலேயே போய்விடும், படங்கள் பின்னால். அதனால் வால் அறுந்த .டாக்எக்ஸில் பெரும்பாலும் எழுத்து முழுசாக இருக்கும், போவது படம்தான்.

7-ஜிப்பில் "வேர்ட்" ஃபோல்டருக்குள் போய் டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல்லை வெளியே இழுங்க. அதை நோட்பேட்++ல் திறந்து, பத்தி முடியும் குறியை (கோணக்குறிக்குள் சாய்கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, பி) புது வரியாக மாற்றுங்க. பிறகு ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையில் மீதமுள்ள கோணக்குறித் துண்டுகள் எல்லாவற்றையும் வெறுமையாக்குங்க. வெறும் எழுத்து மிஞ்சும். அதைப் புது டாக்குமென்ட்டுக்குள் செருகி உயிர் கொடுக்கப் பார்க்காதீங்க, காணாமல் போன படங்களின் இணைப்பு உள்ளே இருக்கும், வேர்ட் மறுபடி முரண்டும்.

---

எழுத்துரு_மீனா · திங்கள் மதியம் 2.02

வாசு சார், ஒரு நிமிஷம். அல்சூர் அண்ணா, அந்த ஈ ஃபைல் யூனிகோடா, பாமினி மாதிரி பழைய எழுத்துருவா?

---

அல்சூர்_டிடிபி · திங்கள் மதியம் 2.09

பாமினி. நடுநடுவே ஆங்கிலப் பெயர்கள், விளம்பர முகவரிகள் உண்டு.

---

எழுத்துரு_மீனா · திங்கள் மதியம் 2.40

அப்படியென்றால் குறிகளை இப்போதே அழிக்காதீங்க. பாமினியில் தட்டியது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துதான். "தமிழ்" என்பது உள்ளே "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்றுதான் கிடக்கும். எது தமிழ், எது நிஜமான ஆங்கிலம் என்று சொல்வது எழுத்துருவின் பெயர் மட்டும்தான், அது அந்தக் குறிகளுக்குள் இருக்கிறது. குறியை அழித்துவிட்டு மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றினால் விளம்பரதாரர் முகவரியெல்லாம் "ஞடநொ" என்கிற மாதிரி உருளும்.

அதனால் முதலில் எழுத்துரு குறிப்பில் பாமினி என்று வரும் துண்டுகளின் முன்னும் பின்னும் ஒரு அடையாளம் (நான் ## போடுவேன்) போட்டுவிட்டு, பிறகு குறிகளை அழியுங்க. அந்த ## நடுவில் இருப்பதை மட்டும் என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்க.

இன்னொரு பொறி இருக்கிறது. வேர்டின் ஆட்டோகரெக்ட் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே "த", பெரிய ஜே "து". சின்ன கே "ம", பெரிய கே "மு". அதனால் பத்தி தொடக்கத்தில் "தமிழ்" என்பது "துமிழ்" ஆகியிருக்கும், "மலர்" "முலர்" ஆகியிருக்கும். ஃபைல் கெட்டதால் வந்த பிழை இல்லை, தட்டும்போதே வந்தது. மாற்றிய பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தை மட்டும் ஓட்டிப் பாருங்க, முக்கால்வாசி பிழை அங்கேதான் இருக்கும்.

இப்போது .பிஎம்டி. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7. பழைய ஃபைலைத் திறக்க அடோபியின் இன்டிசைன் மென்பொருள் சிஎஸ்6 பதிப்பு வரை உதவும், பேஜ்மேக்கர் 6.0க்கு முந்தைய ஃபைல் ஆகாது. இன்றைய சிசி பதிப்புகள் பேஜ்மேக்கரைத் திறக்கவே திறக்காது. கையில் சிஎஸ்6 இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்து பாருங்க. பக்க அமைப்பு கோணிப் போகும், எழுத்தைச் சுரண்டி எடுக்கப் போதும். பேஜ்மேக்கரே இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் விண்டோஸ் 10ல் டீஃபால்ட் பிரின்டர் ஒன்று வைத்திருங்க, பிரின்டர் இல்லாமல் அது சண்டித்தனம் பண்ணும்.

திறக்கும்போது எழுத்துரு இல்லை, பதிலுக்கு எதைப் போடட்டும் என்று ஒரு பெட்டி வரும். அங்கே "டெம்பரரி" மட்டும் தேர்ந்தெடுங்க. "பெர்மனென்ட்" கொடுத்து சேவ் பண்ணினால் எது பாமினி, எது வானவில், எது ஸ்ரீலிபி என்ற தகவல் அதோடு காலி. ஒவ்வொன்றுக்கும் எழுத்து அடுக்கு வேறு. இந்த அடுக்குக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999ல் டாம், டாப் தரங்கள் வந்தன. டிடிபி கடைகளில் அவரவர் வைத்திருந்ததே கடைசிவரை ஓடியது, அந்த வினையை நாம் இப்போது அனுபவிக்கிறோம்.

---

அல்சூர்_டிடிபி · திங்கள் மதியம் 3.15

மீனா அக்கா, .பிஎம்டி நான்கில் இரண்டு லிப்ரேவில் திறந்தது. கன்னடக் கடிதத்துக்கும் இதே கதையா?

---

எழுத்துரு_மீனா · திங்கள் மதியம் 3.28

அதே கதை, வேறு மொழி. கர்நாடக அலுவலகங்களில் பல வருஷம் ஓடியது நுடி. அதன் பழைய எழுத்துரு யூனிகோடு இல்லை. "நுடி 01 இ" என்ற எழுத்துருவை இன்ஸ்டால் செய்தாலே கடிதம் கன்னடத்தில் தெரியும். எழுத்துப் பெட்டியில் வேர்ட் வேறு பெயரைக் காட்டினால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதை மாற்றுங்க. யூனிகோடாக வேண்டுமானால் நுடி அல்லது பரஹா (இன்னொரு கன்னடத் தட்டச்சு மென்பொருள்) இவற்றிலேயே மாற்றும் கருவி இருக்கிறது. இரண்டின் பழைய எழுத்து அடுக்கும் ஒத்துப்போகும், அதனால் எதில் மாற்றினாலும் சரி. ஃபைல் கெடவில்லை, ரிப்பேர் எதுவும் பண்ணிவிடாதீங்க.

---

ஹெக்ஸ்_வாசு · திங்கள் மாலை 4.10

சிஎஸ்வியும் கெடவில்லை. குப்பையில் தலைக்கு மேல் சாய்கோடு போட்ட "ஏ"யும், வட்டத்துக்குள் "ஆர்" எழுதிய வணிகக்குறியும் மாறி மாறி வருகிறதா? அப்படியானால் அது சுத்தமான யுடிஎஃப்-8 தமிழ். ஒரு தமிழ் எழுத்துக் குறி 3 பைட், அந்த மூன்றையும் எக்செல் தனித்தனி எழுத்தாகக் காட்டுகிறது. ஃபைலை இரட்டைக் கிளிக் செய்யாதீங்க. காலி எக்செலைத் திறந்து "டேட்டா" தாவலில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி", அங்கே "65001: யூனிகோட் யுடிஎஃப்-8". தமிழ் வந்துவிடும். கைபேசி எண் நெடுவரிசையை "டெக்ஸ்ட்" ஆக்கிவிட்டு உள்ளே எடுங்க, இல்லையென்றால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும்.

எச்சரிக்கை: குப்பையாகத் தெரியும்போது சேவ் பண்ணினீங்களானால் அப்புறம்தான் நிஜமாகக் கெடும்.

---

ஜெயநகர்_வீடியோ · திங்கள் மாலை 5.22

எம்பி4 பற்றி யாரும் சொல்லவில்லையே. கேமராவில் எடுத்த எம்பி4ல் "மூவ்" என்ற ஒரு அட்டவணை இருக்கும்: எந்தப் படச்சட்டம் எந்த பைட்டில், ஒலி எங்கே, எந்த வேகம். கேமரா அதைப் பதிவு முடிந்த பிறகுதான், ஃபைலின் கடைசியில் எழுதும். காப்பி நடுவில் அறுந்தால் படம் முக்கால்வாசி உள்ளே இருந்தும் அட்டவணை இல்லாததால் எந்த பிளேயரும் ஓட்டாது. விஎல்சியில் இருக்கும் ரிப்பேர் வசதி ஏவிஐக்கு மட்டும், இதற்கு உதவாது.

"அன்டிரங்க்" என்று இலவசக் கருவி உண்டு. அதற்கு நல்ல வீடியோ ஒன்று மாதிரியாக வேண்டும். அதே கேமரா, அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் ரேட், அதே ஒலி அமைப்பு. வேறு கேமரா மாதிரியைக் கொடுத்தால் பச்சைக் கட்டங்கள்தான் வரும். முதலில் நல்லது, அடுத்து கெட்டது என்ற வரிசையில் கொடுங்க. கெட்ட ஃபைலில் கை வைக்காது, புது ஃபைலாக எழுதும், அதற்கு இடம் வையுங்க.

வாசு சொன்ன ஜிப் சோதனையை இதற்கும் செய்யுங்க. வீடியோவும் அமுங்காது. 2 ஜிபி வீடியோ பாதியாக அமுங்கினால் பின்பாதி சுழியம், முன்பாதி மட்டும் மீளும்.

---

பன்னேர்கட்டா_புது · திங்கள் மாலை 6.40

ஆன்லைனில் ஃபைலை ஏற்றினால் சரி பண்ணித் தரும் சைட் நிறைய இருக்கே?

---

எஸ்பிரோடு_சர்வீஸ் · திங்கள் மாலை 6.48

நன்கொடையாளர் பெயர், கைபேசி எண் உள்ள பட்டியலை முகம் தெரியாத சர்வரில் ஏற்றுவீங்களா? அந்த சைட்கள் செய்வதும் மேலே வாசு சொன்ன பொட்டலம் பிரிக்கும் வேலைதான். முதல் பக்கத்தைக் காட்டிவிட்டு மிச்சத்துக்குப் பணம் கேட்கும்.

---

சிவாஜிநகர்_இசேவை · திங்கள் இரவு 8.05

பிடிஎஃப் பாஸ்வேர்டு என்றீங்களே, அது இ-ஆதாரா? இங்கே தினம் பத்துப் பேர் இதற்கு வந்து நிற்கிறார்கள். பாஸ்வேர்டு 8 எழுத்து: பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒட்டி பிறந்த வருடம் 4 இலக்கம். தமிழர்கள் தடுக்கி விழுவது இனிஷியலில். ஆதாரில் "பி. குமார்" என்று இருந்தால் பி, புள்ளி, கே, யு என்று எடுக்கணும். புள்ளி ஒரு எழுத்துக் கணக்கு, இடைவெளி கணக்கில் இல்லை. பெயரே 3 எழுத்து என்றால் 3 எழுத்தும் வருடமும், மொத்தம் 7.

---

அல்சூர்_டிடிபி · திங்கள் இரவு 8.20

இ-ஆதார்தான், மண்டபப் பதிவுக்குக் கொடுத்தது. புள்ளியைச் சேர்த்ததும் திறந்துவிட்டது!

---

ராஜாஜிநகர்_ராம்கி · திங்கள் இரவு 9.02

செக்டிஸ்க் விஷயத்தில் நான் சொன்னது தப்புதான், சரி. ஆனால் ஒரு சந்தேகம். பென் டிரைவே போலியாக இருந்தால்? 32 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 தான் இருக்கும்.

---

எஸ்பிரோடு_சர்வீஸ் · திங்கள் இரவு 9.15

நல்ல கேள்வி. அதுவும் இதே அறிகுறியைத்தான் கொடுக்கும்: முதலில் எழுதிய ஃபைல்கள் நன்றாக இருக்கும், ஒரு அளவுக்கு மேல் எழுதியது எல்லாம் பெயர் மட்டும். எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்க. மிச்ச இடம் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும், முன்னாடியே ஓட்டினால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும். லினக்ஸில் எஃப்3.

---

அல்சூர்_டிடிபி · செவ்வாய் காலை 11.40

நிலவரம்:

இமேஜ் முடிந்தது, படிக்க முடியாமல் போனது 8 கேபி மட்டும். டெஸ்ட்டிஸ்க்கில் அ, இ இரண்டும் பெயரோடு வந்தன, திறக்கின்றன. ஆ-வின் அசல் டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. ஈ-யின் பழைய இடம் மேலெழுதப்பட்டிருக்கிறது, அதனால் எக்ஸ்எம்எல் வழிதான். எழுத்து முழுசும் கிடைத்தது, படம் 11ல் 4. பத்தி முதல் எழுத்துப் பிழை மீனா அக்கா சொன்ன மாதிரியே, 60க்கு மேல். உ வெறும் .டாக். சிஎஸ்வி, கன்னடக் கடிதம் சரி. மிச்ச .பிஎம்டி இரண்டும் இமேஜிலிருந்து வந்தன.

வீடியோ ஒன்று முழுசாக வந்தது. இன்னொன்றில் படம் ஓடுகிறது, ஒலி போகப் போகப் பின்தங்குகிறது. மாதிரி வீடியோ அதே கேமராதான்.

---

ஜெயநகர்_வீடியோ · செவ்வாய் மதியம் 12.15

இரண்டு ஃபைலையும் மீடியாஇன்ஃபோவில் திறந்து ஃபிரேம் ரேட் வரியைப் பாருங்க. மாதிரி 25, மேடை வீடியோ 50 என்று எடுத்திருக்கலாம். ஒலியின் சாம்ப்ளிங் ரேட்டும் ஒன்றாக இருக்கணும், பொதுவாக 48,000. ஏதாவது ஒன்று வேறென்றால் அதே கேமராவில் மேடை அமைப்பையே வைத்து ஒரு நிமிஷம் புதிதாக எடுத்து அதை மாதிரியாகக் கொடுங்க. எடுக்கும்போது வேறு மெமரி கார்டு போடுங்க. பழைய கார்டில் மேடை நிகழ்ச்சியின் அசலே இன்னும் அழியாமல் கிடக்கலாம், அதைப் பார்த்தீங்களா?

---

அல்சூர்_டிடிபி · செவ்வாய் மதியம் 12.21

கார்டு கேமராவிலேயேதான் இருக்கிறது. ஃபார்மட் பண்ணவில்லை. இப்போதே கழற்றுகிறேன்.

---

எஸ்பிரோடு_சர்வீஸ் · செவ்வாய் மதியம் 12.24

ஓரத்தில் பூட்டுப் பொத்தான் உள்ள கார்டு என்றால் அதைத் தள்ளிப் பூட்டிவிட்டு ரீடரில் போடுங்க. காப்பி மட்டும். கட் வேண்டாம்.